வெரசா வாங்க

பிள்ளைப்பாக்கம்
3-6-2024

அன்புள்ள அத்தைக்கு,

பரசுராமன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சங்கரன்கோவிலில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா? இங்கே லாரிகள் கிளப்பும் புழுதியில் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

போன மாதமும் பல தடவை போன் செய்தேன். மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு கலைமதிக்குப் போட்டுக் கேட்டேன். "அத்தை நல்லாத்தான் இருக்காவ. போன் வேண்டாமாம், காயிதம் போடச் சொல்லுதாவ" என்றாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். கேட் பாஸில் கையெழுத்துப் போடுவது தவிர பேனா பிடித்துப் பல காலம் ஆகிறது. கோழி கிளறியது போல இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஒரு செய்தி. எங்கள் கம்பெனியில் மூன்றாம் லைனைக் கழற்றுகிறார்கள். கார்களுக்கான வயர்க் கட்டு செய்யும் லைன், சந்தனமாரி வேலை பார்த்த அதே லைன். எல்லாம் ஸ்கிராப். புதிதாகத் திரை வைத்த லைன் வருகிறதாம். அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, நான் அந்த லைனை விட்டு நகரவே இல்லை. சூப்பர்வைசர் வேலை இரண்டு தடவை தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது லைனே என்னை விட்டுப் போகிறது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மனசு சரியில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் மருமகன்,
பரசுராமன்

*

சங்கரன்கோவில்
14-6-2024

அன்பு மாப்பிள்ளைக்கு முப்பிடாதி எழுதிக்கொண்டது.

கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறேன். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் கையெழுத்து மோசமில்லை. ஆளை நேரில் பார்த்தது போல இருந்தது. இனி இப்படியே எழுதுங்கள். அந்தப் போன் எனக்கு ஒத்துவரவில்லை.

ஒரு சங்கதி. பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலையை விட்டுவிட்டேன். டீச்சரம்மாவுக்கும் எனக்கும் சரிப்படவில்லை. அவள் ஒன்று சொல்ல நான் ஒன்று செய்கிறேனாம். இருபது வருஷம் என் கையால் சோறு போட்ட பள்ளிக்கூடம். போகட்டும், இனி என் ஒருத்தி வயிற்றுக்கு ஆக்கினால் போதும்.

நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரிப்பு வந்தது. லைனைக் கழற்றினால் கழற்றிவிட்டுப் போகிறார்கள். அது என்ன, நீங்கள் தாலி கட்டிய பெண்டாட்டியா? என் மகள் போன பிறகு நீங்கள் இன்னொருத்தியைக் கட்டியிருக்க வேண்டும். நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தென்காசியில் ஒரு பெண் இருக்கிறாள், நர்ஸ் வேலை, முப்பத்தைந்து வயது. மாமியாரே பெண் பார்க்கிற கூத்தை எந்த ஊரிலும் பார்க்க முடியாது. பதில் எழுதுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கடைச் சோறு வேண்டாம்.

முப்பிடாதி

*

பிள்ளைப்பாக்கம்
30-6-2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். வேலையை விட்டதை ஏன் முன்பே சொல்லவில்லை? கைச்செலவுக்கு அனுப்புவேன், மறுக்கக்கூடாது.

நர்ஸ் வேண்டாம் அத்தை. ஏன் என்று இப்போது சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் லைனில் ஒரு பெட்டி இருந்தது. யாருக்காவது வயர் தீர்ந்துபோனாலோ மெஷின் நின்றாலோ தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுப்பார்கள், பெட்டி ஸ்பீக்கரில் ஆளைக் கூப்பிடும். ஆண்டான் என்று பெயர். அது வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். இன்ஜினியர் முதலில் தன் குரலைப் பதிந்தார். மெஷின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. "லைன்ல யாருக்குத் தொண்ட பெர்சு?" என்று கேட்டதும் எல்லாக் கையும் சந்தனமாரியைக் காட்டின.

ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுப் போய் ஒரு தாளைக் கொடுத்தார்கள். "மூன்றாம் நிலையத்திற்கு விரைவாக வரவும்" என்று எழுதியிருந்ததாம். அவள் அதைப் படித்துவிட்டு, "இப்படி ஊருக்குள்ள எவன் சார் பேசுவான்?" என்று கேட்டுவிட்டு, தன் வாக்கில், "மூணாம் ஸ்டேஷனுக்கு ஆள் வேணும், வெரசா வாங்க" என்று சொல்லியிருக்கிறாள். இன்ஜினியர் சிரித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது. "இன்னாமே அது வெரசா?" என்று ஒரு வாரம் அவளைக் கேலி செய்தார்கள். பிறகு அதுவே பேராகிவிட்டது. கயிற்றை இழு என்று யாரும் சொல்வதில்லை, "வெரசாவ இழுப்பா" என்பார்கள். அவள் போன பிறகு சேர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியாது.

அத்தை, ஒரகடம் கூட்டு ரோட்டில் அவள் இருந்த கம்பெனி பஸ்ஸில் லாரி மோதியதற்கு மறுநாளும் அந்தப் பெட்டி பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று யாரோ கயிற்றை இழுத்தார்கள். வெரசா வாங்க என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மறுநாளும் போனேன், அவள் கூப்பிடுவாள் என்பதற்காகவே போனேன். பத்து வருஷம் அப்படித்தான் போனது.

உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பஸ் ஏறி வந்து நிற்பீர்கள். கேட்டுக்குள் உங்களை விடமாட்டார்கள். செல்போனையும் உள்ளே கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கிடைக்காத ஒன்றை உங்களுக்கு எதற்குச் சொல்வது என்று இருந்தேன்.

இப்போது மேனேஜரைக் கெஞ்சி, ஸ்கிராப் பாஸ் போட்டு அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அது பேசவில்லை. லைனிலிருந்து கட்டளை வந்தால்தான் பேசும். கட்டளை கொடுக்கும் பெரிய பெட்டியை உடைத்துவிட்டார்கள். அவள் குரல் உள்ளே இருக்கிறது, வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததும் முதலில் உங்களுக்குத்தான்.

கோபம் வரும், தெரியும். ஆனாலும் எழுதுங்கள்.

பரசுராமன்

*

பிள்ளைப்பாக்கம்
4-8-2024

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கலைமதியிடம் கேட்டால், "இருக்காவ, இருக்காவ" என்பதோடு வைத்துவிடுகிறாள். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

வாலாஜாபாத்தில் தணிகாசலம் என்று ஒருவர் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. சிப்பின் மேல் இருந்த எழுத்தை யாரும் நகல் எடுக்கக்கூடாது என்று சுரண்டியிருக்கிறார்கள். செய்த கம்பெனியை மூடிப் பல வருஷம். வரைபடம் எதுவும் கிடையாது.

"பண்ணவன் டெஸ்ட் பண்றதுக்குன்னு ஒரு வாசப்படி வச்சிக்கினுதான் இருப்பான். டீபக் போர்ட்டும்பாங்க. அத்தக் கண்டுபுடி" என்றார். போர்டில் பேர் போடாத ஓட்டைகள் பல இடத்தில் இருக்கின்றன. அதில் ஓரமாக வரிசையாக நாலு ஓட்டை. ஒன்றில் மீட்டரை வைத்தால் பீப் சத்தம் வந்தது, அது எர்த். ஒன்றில் ஆடாமல் மூன்று சொச்சம் வோல்ட், அது சப்ளை. மூன்றாவதில் கரண்ட் போட்ட நொடி முள் துடித்தது. துடிப்பது பேசுகிற கம்பி. மிச்சம் இருப்பது கேட்கிற கம்பி.

அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க ஒரு சின்னக் கருவி கொடுத்தார். வோல்ட் மாறினால் சிப் வெந்துவிடும், அவ்வளவுதான் என்று எச்சரித்தார். வீட்டில் வைத்து மூன்று ஞாயிறு முயன்றேன். திரையில் ஒரு எழுத்து வரவில்லை. வெந்துவிட்டது, என் கையாலேயே அவளை இன்னொரு தடவை கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தணிகாசலம் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் லைனில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றே ஒன்று, நிறத்துக்கு நிறம். சிவப்பென்றால் சிவப்பு, பச்சையென்றால் பச்சை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். இங்கேயும் அதே புத்தி. கருவியில் பேசுகிற முனையைப் போர்டில் பேசுகிற கம்பியோடும், கேட்கிற முனையைக் கேட்கிற கம்பியோடும் அழகாக நிறம் பார்த்துச் சேர்த்துவிட்டேன். "யோவ், அதுவும் பேசுது, நீயும் பேசற. அப்பால எவன்யா கேக்கறது? மாத்திப் போடுய்யா" என்றார்.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். ஒரு வரியாவது போடுங்கள்.

பரசுராமன்

*

சங்கரன்கோவில்
22-8-2024

மாப்பிள்ளைக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஐம்பது தடவை படித்திருப்பேன். முதலில் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். பத்து வருஷம் என் மகள் தினமும் பேசியிருக்கிறாள், ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள். பெற்றவள் நான் இங்கே செவிடியாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். கேட்டுக்குள் விடமாட்டார்களாம். விடாவிட்டால் வெளியே நின்றிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுகிறாள் என்று தெரிந்தால் எனக்கு அது போதாதா? அதை எப்படி நீங்கள் முடிவு செய்யலாம்? இதை நான் மறக்க மாட்டேன், உங்களுக்குச் சோறு போடும்போதும் மறக்க மாட்டேன்.

எழுதிவிட்டேன். இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அவளுக்குத் தொண்டை பெரிதுதான். அவள் அப்பா இருந்தபோது, "இது பிறக்கும்போதே மைக் முழுங்கிட்டுப் பிறந்திருக்கு" என்பார். வெரசா என்று சொன்னாளாக்கும். வேறு என்ன சொல்வாள்?

அந்த நாலு ஓட்டை விஷயம் எனக்குப் பாதிதான் விளங்கியது. துடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்ன ஆனது என்று எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம்.

மழைக்காலம் வருகிறது, வண்டியில் மெதுவாகப் போங்கள்.

முப்பிடாதி

*

பிள்ளைப்பாக்கம்
8-9-2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் திட்டி எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு அது வேண்டியதுதான். உங்கள் கையெழுத்தில் கடைசி வரி கொஞ்சம் ஆடியிருந்தது. காய்ச்சலா? உடம்பை மறைக்காதீர்கள்.

கம்பியை மாற்றிப் போட்டதும் திரையில் ஏதோ வந்தது. எழுத்தா எறும்பா என்று தெரியாத குப்பை. அது பேசும் வேகமும் நாம் கேட்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். தணிகாசலம் வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் குப்பை நின்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மாஸ்டருக்காகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். மாஸ்டர் என்றால் கட்டளை கொடுக்கும் அந்தப் பெரிய பெட்டி. மறுபடி அதே வரி. மறுபடி அதே வரி. லைனை உடைத்து மாதக்கணக்கில் ஆகிறது, அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் கடையை விட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

அது எழுந்திருக்கும் முதல் நொடியில் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் நிற்கிறது, உள்ளே இருப்பதைக் கொடுக்கவா என்று கேட்கிறது. கொடுப்பது குரலாக இல்லை, வெறும் எண்களாக. அதைச் சத்தமாக மாற்ற வேண்டும். மெமரி சிப் சீக்கிரம் சூடாகிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிறது. பாதியில் செத்துப்போனால் போனதுதான். ஞாயிறுதோறும் கொஞ்சம் எடுக்கிறோம்.

அத்தை, குரல் வந்ததும் போனிலேயே உங்களுக்குப் போட்டுக் காட்டிவிடுவேன். கலைமதி போனையாவது ஒரு நிமிஷம் வாங்கிக் காதில் வையுங்கள். இல்லை என்றால் இங்கே வாருங்கள், டிக்கெட் போடுகிறேன். ஏன் போன் என்றாலே வேண்டாம் என்கிறீர்கள்? என் குரலையே கேட்கப் பிடிக்கவில்லையா?

பரசுராமன்

*

சங்கரன்கோவில்
25-9-2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம். காய்ச்சல் எதுவும் இல்லை. கோபமும் இல்லை, அது எழுதின அன்றோடு போய்விட்டது. உங்கள் குரலை எனக்கு ஏன் பிடிக்காமல் போகிறது? கல்யாணத்தன்று நீங்கள் "இன்னா அத்தே" என்று கூப்பிட்டதற்கு எங்கள் தெருவே சிரித்தது. போன் போன் என்று மட்டும் இனி எழுத வேண்டாம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவள் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்தப் பல் கொஞ்சம் முன்னால் இருக்கும் என்பதுவரை சொல்வேன். குரல்தான் நழுவுகிறது. மனசுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன், வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. ராத்திரி பகல் இதே நினைப்பாக இருக்கிறது. நீங்கள் பத்து வருஷம் கேட்டவர், உங்களுக்கு நழுவியிருக்காது. அது எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கனமாகவா, மெலிசாகவா? கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருந்ததா?

மாஸ்டருக்காகக் காத்திருக்கிறதாம். பேர் ஆண்டான், காத்துக் கிடப்பது அடிமையாட்டம். படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

சிப் சூடானால் அவசரப்படாதீர்கள். ஆறட்டும்.

முப்பிடாதி

*

பிள்ளைப்பாக்கம்
20-10-2024

அன்புள்ள அத்தைக்கு,

வந்துவிட்டது.

சுகம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன். சுகம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது, செம்பரம்பாக்கம் நிரம்புகிறது என்று டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். தணிகாசலம் நேற்று எண்களை எல்லாம் சேர்த்துச் சத்தமாக மாற்றினார். முதலில் இரைச்சல். பிறகு ஆம்பளைக் குரல் மாதிரி இழுத்தது. எதையோ சரி செய்தார். டக்கென்று அவள். என் சந்தனமாரி. "மூணாம் ஸ்டேஷனுக்கு ஆள் வேணும்" என்றாள், கடையில் ரீசார்ஜ் போட வந்த அம்மா திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பேசுகிற தணிகாசலம் எழுந்து போய் எனக்கு டீ வாங்கிவந்தார்.

பெட்டி பேசிய வாக்கியங்கள் எல்லாம் முழுசாகக் கிடைத்துவிட்டன. கடைசியில் இன்னொன்று இருக்கிறது. பெட்டி அதைப் பேசியதே இல்லை, நான் கேட்டதும் இல்லை. பதிவு செய்த அன்று சோதனைக்காகப் பிடித்ததாக இருக்கும் என்கிறார். போடவா என்றார். வேண்டாம் என்றேன். பத்து வருஷம் நான் தனியாகக் கேட்டது போதும். இதை நீங்களும் நானும் ஒன்றாக உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின நாள் கிளம்பி வருகிறேன். குரல் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். எழுத மாட்டேன். நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும்போது என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

பரசுராமன்

*

சங்கரன்கோவில்
24-10-2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

இதை ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்லிக் கலைமதியிடம் கொடுக்கிறேன். நீங்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

எனக்குக் காது கேட்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போனபோது காதையும் எடுத்துக்கொண்டு போனது. முதலில் ஒன்று, பிறகு மற்றது. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் மெஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மண்டைக்குள் ஆலை ஓடுகிற இரைச்சல்தான், ஒரு வார்த்தை பிடிபடாது. நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். பள்ளிக்கூட வேலை போனதும் அதனால்தான். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கலைமதியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீங்கள் வந்தபோதெல்லாம் வாயசைவைப் பார்த்துச் சமாளித்தேன், போனைத்தான் சமாளிக்க முடியவில்லை. சொன்னால் என்னை அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்வீர்கள், உங்களுக்கு வாழ்க்கை இல்லாமல் போகும். முதலில் அதற்காகத்தான் மறைத்தேன்.

பிறகு நீங்கள் பெட்டியைப் பற்றி எழுதினீர்கள். அப்புறம் வேறு காரணத்துக்காக மறைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். இந்த வரி உங்களைச் சாகும்வரை அரிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுத அத்தனை நாளானது. எழுதாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போடுவீர்கள். என் முகத்தைப் பார்ப்பீர்கள். கேட்டது போல என்னால் நடிக்க முடியாது மாப்பிள்ளை. என் மகள் விஷயத்தில் முடியாது.

உங்கள் மேல் குற்றமில்லை. இரண்டு பேரும் மறைத்தோம், கணக்கு சரியாகப் போனது.

தீபாவளிக்கு வர வேண்டாம். அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். அதைப் போட்டுக் கேளுங்கள், கேட்டதை எனக்கு எழுதுங்கள். அவள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாமல். இருமினால் இருமினாள் என்று எழுதுங்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

முப்பிடாதி

*

பிள்ளைப்பாக்கம்
1-11-2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நேற்று ஊரெல்லாம் வெடி. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குரலை ஏற்றிவைத்த போனை இன்று காலைதான் கையில் எடுத்தேன். நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

குரல் கனமும் இல்லை, மெலிசும் இல்லை. தொண்டையிலிருந்து வராது, நெஞ்சிலிருந்து வரும். ஆரம்பிக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுப்பாள். அது ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

"மூணாம் ஸ்டேஷனுக்கு ஆள் வேணும், வெரசா வாங்க." வெரசா என்பதில் வெ கொஞ்சம் நீளுகிறது. வாங்க என்று முடிக்கும்போது கெஞ்சல் இல்லை, அதட்டலும் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது.

"வயரு தீந்துபோச்சு, யாராச்சும் கொண்டாங்க." இதில் யாராச்சும் என்ற இடத்தில் சிரிப்பை அடக்குகிறாள்.

"மெஷினு நின்னுபோச்சு, மெயிண்டனன்ஸ் அண்ணன் எங்க இருக்கீய?" இந்த இருக்கீய உங்கள் ஊர். இதற்கும் கேலி செய்தார்கள்.

மற்றவையும் இப்படித்தான். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இனி அந்தக் கடைசிப் பதிவு.

முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். அவள் ஏதோ முணுமுணுக்கிறாள், புரியவில்லை. இருமுகிறாள். பிறகு இன்ஜினியர் குரல். "இன்னாமா இவ்ளோ மெதுவா? லைன் சத்தத்துல கேக்காது. தூரத்துல கீற ஆளக் கூப்புடற மாதிரி கூப்புடு."

"யாரக் கூப்பிட, சார்?"

"யாரையாச்சும் கூப்புடும்மா."

மின்விசிறி ஓடுவது கேட்கிறது. பிறகு அந்த மூச்சு. பிறகு அவள்.

"யம்மோவ்!"

அத்தை, அந்த ஓ நீண்டுகொண்டே போகிறது. ஸ்பீக்கர் கரகரக்கிறது. அவ்வளவு சத்தம். காட்டில் அந்தக் கடைசியில் நிற்கிற உங்களை இந்தக் கடைசியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. நின்று, பதிலுக்குக் காத்திருக்கிறாள். மறுபடியும் கூப்பிடுகிறாள்.

"யம்மோவ்! கேக்குதா?"

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "கேக்குதும்மா, கேக்குது" என்கிறார். அதோடு முடிகிறது.

பத்து வருஷமாக நான் கேட்டதெல்லாம் அவள் லைனுக்குப் பேசியது. இது உங்களுக்கு. இதை நான் கேட்டிருக்கவே கூடாது. எழுத எழுத எனக்குக் கண் மறைக்கிறது. எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரசுராமன்

*

சங்கரன்கோவில்
11-11-2024

அன்பு மாப்பிள்ளைக்கு முப்பிடாதி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து கலையவில்லை, ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். புது லைனில் சூப்பர்வைசர் வேலையைக் கொடுத்தால் இந்தத் தடவை வாங்கிக்கொள்ளுங்கள். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிற பேச்சு வேண்டாம். பொங்கலுக்கு நீங்கள் வாருங்கள். வரும்போது அதைக் கொண்டுவாருங்கள், எனக்கு இல்லாவிட்டாலும் இந்தத் தெரு கேட்கட்டும். அவள் சின்னப் பிள்ளையில் கத்தாத கத்தா, இந்தத் தெருவுக்கு அவளைத் தெரியும்.

நீங்கள் குற்றம் குற்றம் என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். அதையும் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுங்கள்.

கடிதம் வந்தபோது முற்றத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நின்றபடியே பிரித்துப் படித்தேன். வெரசாவில் சிரித்தேன், இருக்கீயவில் சிரித்தேன். பிறகு அந்த இடம் வந்தது. யம்மோவ் என்று இரண்டாம் தடவை படிக்கும்போது என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. "ஏட்டி, இந்தா வாரேன்!" என்று கத்தியிருக்கிறேன். என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கலைமதி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து நின்றதைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. யாரைக் கூப்பிட்டிய அத்தை, யாரைக் கூப்பிட்டிய என்று அவள் வாய் அசைகிறது.

நான் யாரையும் கூப்பிடவில்லை, என் மகள் கூப்பிட்டாள், பதில் சொன்னேன் என்றேன்.

முப்பிடாதி